டிஸ்ப்ளே வராத கணினி: மதர்போர்டைக் குறை சொல்வதற்கு முன்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரியும் வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். அவருடைய மகள் சேலத்தில் விடுதியில் தங்கி இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். வரைபட மென்பொருள் ஓடக்கூடிய கணினி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. உதிரிபாகங்களாக வாங்கித் தானே பொருத்தினால் பணம் மிச்சமாகும் என்று அவர் சொல்ல, தந்தையும் சேமிப்பிலிருந்து 48,000 ரூபாய் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சேலத்துக் கடை ஒன்றில் வாங்கிய பாகங்களை மகள் விடுமுறையில் வீட்டுக்கு எடுத்து வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பொருத்தி முடித்தார். சுவிட்சைப் போட்டதும் விசிறிகள் சுழன்றன, கேபினட்டின் விளக்குகள் எரிந்தன, ஆனால் மானிட்டரில் ‘சிக்னல் இல்லை’ என்ற வரி தோன்றி மறைந்தது. அன்றிலிருந்து மூன்று வாரமாக இதே நிலைதான்.

அதன்பின் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். கேபினட்டின் பின்புறத்தைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. வாசகரின் தம்பி டெஸ்டரை வைத்துப் பார்க்க, அது மங்கலாக எரிந்திருக்கிறது. கரண்ட் கசிந்து போர்டு கருகிவிட்டது என்பது அவருடைய முடிவு. உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, புதிதாகப் போட 9,500 ரூபாய் ஆகும் என்றார். கையில் எர்த் பட்டை கட்டாமல் ராமை (நினைவகப் பலகையை) தொட்டதால் நிலைமின்சாரம் பாய்ந்து தானே அதைக் கெடுத்துவிட்டோம் என்று மகள் நம்புகிறார். அந்த அறைப் பக்கமே போவதில்லை. கடைக்காரரோ, நீங்களே பொருத்தியதால் வாரண்டி கிடையாது, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதும் இல்லை என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். போர்டு உண்மையிலேயே போய்விட்டதா, கடைக்காரரைப் பொறுப்பேற்க வைக்க முடியுமா, கணினியைக் கட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்க வேண்டுமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார் வாசகர்.

ஐயா, உங்கள் கடிதத்துடன் வந்த இரண்டு படங்கள்தான் எனக்குப் பெரிதும் உதவின. ஒன்று கடை கொடுத்த பில். மற்றொன்று கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து உங்கள் மகள் எடுத்த படம். கணினியை நேரில் பார்க்காமல் உறுதியான தீர்ப்பு சொல்வது என் தொழிலுக்கு அழகல்ல. ஆயினும் இந்த இரண்டு படங்களும் ஒன்றையொன்று உறுதிசெய்வதால், உங்கள் மதர்போர்டு பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். 9,500 ரூபாயைச் செலவு செய்யாதீர்கள். இந்தப் பதிலை முழுவதும் படித்து, இதில் சொல்லியிருக்கும் ஒரு சோதனையைச் செய்து முடிக்கும் வரையிலாவது பொறுத்திருங்கள்.

அந்த வெள்ளை விளக்கு

‘போர்டின் ஓரத்தில் சிறிய வெள்ளை விளக்கு ஒன்று அணையாமல் எரிகிறது, ஆகவே போர்டுக்குக் கரண்ட் போகிறது என்று தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது கரண்டைக் காட்டும் விளக்கு அன்று. இப்போது வரும் பல மதர்போர்டுகளில் நான்கு சிறு விளக்குகள் வரிசையாக இருக்கும். அவற்றின் பக்கத்திலேயே சி.பி.யூ., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கணினிக்கு உயிர் கொடுத்தவுடன் போர்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். முதலில் பிராசசர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும், அடுத்து ராம், அதற்கடுத்து படத்தை வரையும் பாகம், கடைசியாக விண்டோஸ் போன்றவை இருக்கும் டிஸ்க். ஒவ்வொரு படியிலும் அதற்குரிய விளக்கு எரிந்து, சோதனை தேறியதும் அணைந்து, அடுத்தது எரியும். எந்தப் படியில் சோதனை நின்றுவிடுகிறதோ அந்த விளக்கு எரிந்தபடியே நிற்கும். நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறக்கூடும் என்றாலும் வெள்ளை நிறம் பெரும்பாலும் வி.ஜி.ஏ.வுக்கு உரியது. உங்கள் படத்தில் எழுத்து தெளிவாக இல்லாததால், ஒரு டார்ச் வெளிச்சத்தில் அதை நேராகப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி பில்லுக்கு வருவோம். ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, எட்டு ஜி.பி. ராம் இரண்டு, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), கேபினட், மானிட்டர் என ஏழு வரிகள் இருக்கின்றன. திரைக்குப் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு வரி இல்லை. அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று மகள் நினைத்ததாகவும், மதர்போர்டின் பின்புறமே எச்.டி.எம்.ஐ. துளை இருப்பதால் இப்போதைக்கு அதிலேயே மானிட்டரை இணைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ரைசன் 5000 வரிசையில் மேசைக் கணினிக்கான பிராசசர்களில், எண்ணுக்குப் பின்னால் ‘ஜி’ என்ற எழுத்து வரும் 5600ஜி, 5700ஜி போன்றவற்றுக்குள்தான் படம் வரையும் பகுதி இருக்கிறது. வெறும் 5600இல் அது கிடையாது. ஒரே மதர்போர்டு இரண்டு வகைப் பிராசசர்களையும் ஏற்கும் என்பதால் எச்.டி.எம்.ஐ. துளையைப் பெரும்பாலான போர்டுகளில் வைத்துவிடுகிறார்கள். சுவரில் குழாய் இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் தொட்டியோடு இணைப்பு இல்லை என்றால் எத்தனை முறை திருகினாலும் தண்ணீர் வருமா? அந்தத் துளையின் நிலையும் அதுதான். கேபிளை மாற்றினாலும் மானிட்டரை மாற்றினாலும், ஏன், மதர்போர்டையே மாற்றினாலும்கூட அதே ‘சிக்னல் இல்லை’ தான் வந்திருக்கும்.

அந்த விளக்கு வி.ஜி.ஏ. என்றே இருந்தால், அதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. இதை உங்கள் மகளிடம் நீங்கள் அவசியம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சோதனை மூன்றாம் படிவரை வந்திருக்கிறது என்றால் முதல் இரண்டு படிகளும் தேறிவிட்டன என்று பொருள். பிராசசரின் அடியில் இருக்கும் 1,331 ஊசிகளில் ஒன்றுகூட வளையாமல் அதைச் சாக்கெட்டில் இறக்கியிருக்கிறார். அதற்கான தனி மின்கேபிளை மறக்காமல் செருகியிருக்கிறார். ராம் இரண்டையும் சரியாக உட்கார வைத்திருக்கிறார். முதன்முறையாகப் பொருத்துபவர்கள் தவறுகிற இடங்கள் இவைதாம். அவற்றையெல்லாம் அவர் தாண்டிவிட்டார். நிலைமின்சாரத்தால் ராம் கெட்டிருந்தால் சோதனை இரண்டாம் படியிலேயே நின்றிருக்கும். நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கக்கூடியது என்பது உண்மையே. எச்சரிக்கையாக இருப்பதும் நல்லதே. ஆனால் அது வறண்ட காற்றில் சேரும் அளவுக்கு ஈரக்காற்றில் சேராது. பாதி நாள் மூடுபனி வீட்டுக்குள் வந்து போகும் ஏற்காட்டில், வெறுங்கையால் தொட்டதால் ராம் போயிருக்கும் என்று நினைத்து அந்தப் பெண் மூன்று வாரம் மனம் வருந்தியிருக்கிறாரே என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி.

பழுதுபார்ப்பவரை நான் கடிந்துகொள்ள மாட்டேன். ஏனென்றால் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஆத்தூர்ப் பக்கமிருந்து ஜவ்வரிசி ஆலை ஒன்றின் கணக்குப் பார்க்கும் கணினியைத் தூக்கி வந்தார் ஒருவர். விசிறி சுற்றியது, டிஸ்ப்ளே வரவில்லை. போர்டு போய்விட்டது என்று சொல்லிப் புதிய போர்டை வாங்க வைத்தேன். அதைப் போட்ட பிறகும் திரை இருட்டாகவே இருந்தது. மறுநாள்தான் பிராசசருக்கு அருகில் செருக வேண்டிய நான்கு ஊசி மின்கேபிளை இரண்டு முறையும் நான் செருகவே இல்லை என்பதைக் கண்டேன். பழைய போர்டுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன் என்றாலும், அவர் இரண்டு நாள் ஆலை வேலையை விட்டுவிட்டு என் கடை வாசலில் காத்திருந்ததைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. அன்று முதல், ‘போய்விட்டது’ என்று யார் சொன்னாலும், எந்தச் சோதனையால் அப்படித் தெரிந்தது என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. நீங்களும் அதைக் கேளுங்கள். நன்றாக இருக்கும் ஒரு பாகத்தை மாற்றிப் போட்டுப் பார்க்காமல், பத்து நிமிடப் பார்வையில் மதர்போர்டின் மரணத்தை யாராலும் உறுதிசெய்ய முடியாது.

எர்த் சரியாகும் வரை சோதனை வேண்டாம்

டிஸ்ப்ளேயைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது அந்தச் சுர்ரென்ற உணர்வுதான். உங்கள் தம்பி கண்டது உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் சரியல்ல. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்னோட்டத்தில் வரும் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறு கெபாசிட்டர்கள் இருக்கின்றன. லைன் கம்பிக்கும் கேபினட் உலோகத்துக்கும் நடுவில் ஒன்று, நியூட்ரலுக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒன்று என்று அவை அமைந்திருக்கும். அவற்றின் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் கம்பியின் வழியே மண்ணுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அமைப்பு. எர்த் இல்லையென்றால் அதற்குப் போக்கிடம் இல்லை. 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்குக் கேபினட்டின் உலோகம் மிதந்து நிற்கும். டெஸ்டர் மங்கலாக எரிவதும் விரலில் சுர்ரென்பதும் அதனால்தான். ஆகவே அது போர்டு கருகியதற்கான அடையாளம் அன்று. உங்கள் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம்.

இந்தக் கசிவின் அளவு மிகக் குறைவு. அதுவே ஆளைக் கொல்லாது. ஆனால் நாளை எந்தக் கருவியிலாவது லைன் கம்பி உலோகத்தைத் தொட்டுவிட்டால், எர்த் இல்லாத வீட்டில் அந்த முழு மின்சாரமும் தொடுபவரின் உடல் வழியாகத்தான் இறங்கும். கணினி, வெந்நீர் ஹீட்டர், கிரைண்டர் எதற்கும் இதில் விலக்கில்லை. தோட்டத்துக் குடியிருப்பு பழைய கட்டடம் என்றும், கணினியை இரண்டு முனை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த பாக்ஸை ஒதுக்குங்கள். மூன்று முனை பிளக்கில் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதுதான் எர்த் முனை, அது இறங்காத இடத்தில் கணினியைச் செருகக் கூடாது. பிறகு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து, சுவர்ப் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு சில வோல்ட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். சேர்வராயன் மலையின் அடியில் இருப்பது சார்னோக்கைட் என்னும் கடும்பாறை. மேல்மண் ஆழமில்லாத இடங்களில் எர்த் குழியை ஆழமாகத் தோண்ட முடியாமல் பெயருக்கு ஒரு கம்பியைப் புதைத்துவிடுவது உண்டு. கோடையில் மண் காய்ந்ததும் அது எர்த்தாகவே இருக்காது. கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், குழியைச் சீர்செய்யவும், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தவும் நிர்வாகத்திடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள். இது கணினிக்காகக் கேட்பதல்ல, குடியிருப்பவர்களின் உயிருக்காகக் கேட்பது. கரண்ட்டின் ஏற்ற இறக்கத்துக்காக நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ஸ்பைக் பஸ்டரும் எர்த் இல்லாவிட்டால் தன் வேலையில் பாதியைச் செய்யாது. ஏப்ரல், மே மாதங்களில் இடி இறங்கும்போது பிளக்கையும் இணையக் கேபிளையும் கழற்றி வைப்பதே நம்பகமான பாதுகாப்பு.

டிஸ்ப்ளே பற்றிய கேள்விக்குள் இதைக் கொண்டுவரக் காரணம் உண்டு. எர்த் இல்லாமல் மிதக்கும் கேபினட்டுக்கும் மானிட்டருக்கும் நடுவே, இரண்டும் மின்சாரத்தில் இருக்கும்போது எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகிக் கழற்றினால், முனையில் சிறு பொறி பறந்து துளையின் பின்னால் இருக்கும் மின்சுற்றே கெட்டுப்போகக்கூடும். இதுவரை கெடாத பாகத்தைச் சோதனை என்ற பெயரில் கெடுத்துக்கொள்ளக் கூடாது அல்லவா? இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை யாரும், எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கும்.

இரவல் கார்டு ஒன்று

எர்த் சரியானதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்றுதான். வேலை செய்யும் ஒரு கிராபிக்ஸ் கார்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். மகளின் கல்லூரித் தோழர்கள் யாரிடமாவது இருக்கலாம். வாடகைக்கோ சோதனைக்கோ தருகிற பழுதுபார்ப்பவர்களும் உண்டு. தனியாக மின்கேபிள் தேவைப்படாத சிறிய கார்டாக இருந்தால் நல்லது. ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் வரை அது எடுத்துக்கொள்ளும். மிகப் பழைய கார்டை வாங்க வேண்டாம், சில பழைய கார்டுகள் இன்றைய பயாஸோடு (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளோடு) ஒத்துப்போகாமல் படம் காட்டாது. அப்போது நல்ல போர்டின் மேல் மறுபடியும் பழி விழும். எஸ்.எம்.பி.எஸ். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்த பிறகு, பிராசசருக்கு அருகில் இருக்கும் நீண்ட ஸ்லாட்டில் ‘டிக்’ என்ற சத்தம் கேட்கும்வரை கார்டை இறக்க வேண்டும். மானிட்டர் கேபிளைக் கார்டில் இருக்கும் துளையில்தான் செருக வேண்டும். பழக்கத்தில் மதர்போர்டின் துளையிலேயே செருகிவிட்டு ஏமாறுகிறவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். பெரிய கார்டாக இருந்து கேபிள் கேட்டால், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பி.சி.ஐ.இ. என்று எழுதியிருக்கும் முனையைத்தான் தர வேண்டும். பிராசசருக்கான முனையும் எட்டு ஊசிதான், பார்ப்பதற்கும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் அதில் 12 வோல்ட் கம்பிகளும் கிரவுண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கும், வலிந்து செருகக் கூடாது.

படம் வந்துவிட்டால் கேள்வி தீர்ந்தது. வராவிட்டாலோ, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது அந்த விளக்கின் எழுத்து வேறாக இருந்தாலோ, அடுத்த இடங்களை அந்த விளக்கே காட்டும். டிராம் என்று இருந்தால் ஒரே ஒரு ராமை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் இரு முனையும் பூட்டும்படி அழுத்திப் பாருங்கள். பிறகு மற்றதை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். சி.பி.யூ. என்று இருந்தால் போர்டின் மேல் மூலையில் இருக்கும் எட்டு ஊசி கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். பி550 போர்டுகள் 2020ஆம் ஆண்டிலும் ரைசன் 5 5600 2022ஆம் ஆண்டிலும் வந்தவை என்பதால், கடையில் நீண்ட நாள் கிடந்த போர்டாக இருந்தால் அதன் பயாஸ் இந்தப் பிராசசரை அறியாமல் இருக்கலாம். எந்த விளக்கையும் நம்ப முடியாத நிலையில், கரண்டை எடுத்துவிட்டுப் போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுவது தீங்கில்லாத முயற்சி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

கடைக்காரரிடம் எதைக் கேட்கலாம்

நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் வாடிக்கையாளருக்கும் கடைக்கும் இடையில் நிற்கும் தொழிலில் இருப்பதால் சட்டத்தின் இந்தப் பகுதியைப் படித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. முதலில், நீங்களே பொருத்தியதால் வாரண்டி இல்லை என்ற பேச்சு சரியல்ல. பெட்டியில் அடைத்துத் தனியாக விற்கும் பிராசசரும் மதர்போர்டும் வாங்குபவர் பொருத்துவதற்காகவே விற்கப்படுபவை. அவற்றின் வாரண்டியைத் தருவது தயாரிப்பாளர். பெட்டியோடு வாங்கும் பிராசசருக்கு அது 3 ஆண்டு. வளைந்த ஊசி, உடைப்பு, கருகல், தண்ணீர் பட்ட தடம் ஆகியவை இருந்தால்தான் மறுப்பார்கள். ஆகவே பெட்டிகளையும், வரிசை எண் குறித்த பில்லையும் பத்திரப்படுத்துங்கள். மூடுபனி நாட்களில் அட்டைப்பெட்டிகள் பூஞ்சை பிடித்துவிடும், உயரமான உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

ஆனால் உங்கள் பொருள் எதிலும் குறையில்லை என்று தெரிந்துவிட்டால் வாரண்டியைக் கேட்பதற்கே இடமில்லாமல் போகிறது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்போது எஞ்சும் கேள்வி, கடைக்காரர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டாரா என்பதுதான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்குபவருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்று சொல்கிறது. உங்கள் மகள் என்ன கேட்டார், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘கிராபிக்ஸ் கார்டு இப்போது வேண்டாம், இதை வைத்தே ஓட்டலாமா’ என்று கேட்டு, ஓடும் என்று அவர்கள் சொல்லியிருந்தால், அதுவும் வாட்ஸ்ஆப்பில் பதிவாகியிருந்தால், உங்கள் பக்கம் வலுவானது. தானே எழுதி வந்த பட்டியலைக் கொடுத்து, அவர்கள் அப்படியே எடுத்துக் கொடுத்திருந்தால் வழக்கு மெலிந்துவிடும். பில் போடும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற நம் வருத்தம் நியாயமானது, ஆனால் அதை நிரூபிப்பது கடினம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பது குறையுள்ள பொருளைத் திரும்பக் கொடுக்கும் உரிமையைப் பறிக்காது என்றாலும், குறையில்லாத பொருளை மனம் மாறித் திரும்பக் கொடுப்பதற்கு அது துணை வராது.

ஆகவே என் யோசனை, சண்டையாகப் போகாமல் பரிமாற்றமாகப் பேசுவது. 5600ஐ எடுத்துக்கொண்டு 5600ஜி தரச் சொல்லலாம். வெப்பத்தைக் கடத்தும் பசை தடவிய பிராசசரைப் புதியதாக அவர்கள் விற்க முடியாது என்பதால் கொஞ்சம் விலை குறைத்துத்தான் எடுப்பார்கள், அது அநியாயமாகாது. இதில் ஓர் ஆபத்து உண்டு. இந்த வகைச் சாக்கெட்டில், பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரை நேராக மேலே இழுத்தால் பசையில் ஒட்டிய பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். கணினியைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பசை இளகியதும் கரண்டை எடுத்துவிட்டு, கூலரை மெல்ல இருபுறமும் திருகித் தளர்த்திய பிறகே தூக்க வேண்டும். மற்றொரு வழி, 5600ஐ அப்படியே வைத்துக்கொண்டு கார்டு வாங்குவது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன். 5600இன் உள்நினைவகம் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேச்) 32 எம்.பி., 5600ஜியில் அது 16 எம்.பி. மட்டுமே, இயந்திரப் பாகங்களை முப்பரிமாணத்தில் வரைகிற மாணவிக்கு இன்றில்லாவிட்டாலும் அடுத்த ஆண்டு ஒரு கார்டு தேவைப்படத்தான் போகிறது. பழைய கார்டு வாங்குவதானால், அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லும், இத்தனை நாளுக்குள் கெட்டால் திருப்பி எடுப்பேன் என்ற எழுத்தும் இல்லாமல் வாங்காதீர்கள்.

பேச்சில் எதுவும் நகராமல், உங்களிடம் சான்றும் இருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் பயனில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. இருந்தாலும் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக மலையிலிருந்து எத்தனை முறை இறங்கி வர வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இப்போது எளிதாகிவிட்டது. கணினி கீழே இறங்க வேண்டியதில்லை. கார்டு மேலே ஏறினால் போதும். பின்னாளில் எப்போதாவது சேலத்துக்குக் கொண்டுவர நேர்ந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து குலுங்கும்போது கனமான கார்டு தன் ஸ்லாட்டையே பெயர்த்துவிடக்கூடும் என்பதால், அதைக் கழற்றித் தனியாக அதன் பெட்டியில் வைத்துவிட்டு, கேபினட்டை மதர்போர்டு மேல்நோக்கி இருக்கும்படி மடியிலோ இருக்கையிலோ படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த மலைக்காற்றிலிருந்து வெப்பமும் ஈரமும் உள்ள அறைக்கு வந்தால் உலோகத்தின் மேல் நீர்த்துளி படியும். இரண்டு மணி நேரம் ஆறவிட்ட பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு மகள் வருவதற்குள் எர்த் வேலையை முடித்துவிடுங்கள். விளக்கின் அருகில் இருக்கும் எழுத்தைப் படிப்பதையும் கார்டைப் பொருத்துவதையும் அவரே செய்யட்டும். டார்ச்சை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.